வியர்வைக்கு வழிவிடும் சட்டை எது?

கோடை தொடங்கியதும் துணிக்கடை வாசல்களில் ‘டிரை ஃபிட்’, ‘கூல்’, ‘ஆன்ட்டி ஸ்வெட்’ என்று அட்டை தொங்கும் டி-ஷர்ட்டுகள் வந்துவிடும். வீட்டுப் பெரியவர்களோ வெயிலுக்குக் காட்டன்தான் என்பதில் உறுதியாக இருப்பார்கள். இரண்டில் எது சரி என்று கேட்டால், எந்த ஊரில், என்ன வேலைக்கு, எவ்வளவு நேரம் போடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். நூலின் பெயரை மட்டும் வைத்துச் சட்டை வாங்குவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில் வியர்வையைப் பார்ப்போம். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வேகமாக நடக்கும் ஒருவரின் உடம்பில் சுமார் 300 வாட் வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கும் குறைவான வியர்வை முழுசாகக் காய்ந்தாலே அத்தனை வெப்பமும் வெளியே போய்விடும். சிக்கல் அந்த ‘முழுசாக’வில்தான் இருக்கிறது. மூக்கு நுனியில் சொட்டுவதும், முதுகில் ஓடி இடுப்பில் போய்த் தேங்குவதும் உடம்பு வீணாகச் செலவழித்த தண்ணீர். உப்பு போனது, குளிர்ச்சி வரவில்லை.

வியர்வை எவ்வளவு வேகமாகக் காயும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பமானி காட்டும் எண் அல்ல, காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது. 35 டிகிரியில் இருக்கும் ஈரத் தோலில் நீராவியின் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். சென்னையில் 34 டிகிரி வெயில், 70 சதவீத ஈரப்பதம் என்று எடுத்துக்கொண்டால் காற்றில் இருக்கும் ஆவியின் அழுத்தம் 3.7. மதுரையில் 39 டிகிரி, ஆனால் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அது வெறும் 2.1. தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் வியர்வையை வெளியே இழுக்கிறது. சென்னையில் அது 1.9, மதுரையில் 3.5. ஐந்து டிகிரி கூடுதலாகக் கொளுத்தும் ஊரில் வியர்வை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் காய்கிறது. கத்திரி வெயிலில் மதுரைக்குப் போன சென்னைக்காரர் “சுடுது, ஆனா கசகசப்பு இல்ல” என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். மதுரையில் நன்றாக இருந்த அதே சட்டை சென்னையில் பத்து மணிக்கே முதுகில் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ஆக, சட்டை எதையும் குளிர்விப்பதில்லை. காற்று குளிர்விக்கிறது. சட்டை அதற்கு எவ்வளவு வழிவிடுகிறது, எவ்வளவு குறுக்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆலைகளில் பருத்திக்கு 8.5 சதவீதம் ஈரம் என்றுதான் எடைக் கணக்கே போடுவார்கள். பாலியஸ்டருக்கு அது 0.4. லேசாக வியர்க்கும்போது இந்தக் குணம் பெரிய வரம். தோலில் இருக்கும் மெல்லிய ஈரத்தை நூல் வாங்கிக்கொள்வதால் சட்டை போட்டிருப்பதே தெரியாது. வறண்ட காற்று வீசும் ஊரில் இன்னும் நல்லது. கொஞ்சம் நனைந்த பருத்திச் சட்டை மண்பானை போல வேலை செய்யும். ஆனால் வியர்வை ஒரு அளவைத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது. இழை தண்ணீர் குடித்துப் பருக்கிறது, நூலுக்கு நூல் இருந்த இடைவெளி சுருங்குகிறது, துணி கனத்துத் தோலோடு ஒட்டுகிறது. அதற்குமேல் காற்று உள்ளே போக வழியில்லை. நன்றாக நனைந்த காட்டன் டி-ஷர்ட் தன் எடைக்கு மேலேயே தண்ணீரைத் தாங்கும். கடலோர ஊரில் அது சாயங்காலம் வரை காயாது.

கஞ்சி போட்ட சட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. கஞ்சி, துணியின் கண்களை ஓரளவு அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் துணி விறைப்பாக நிற்பதால் உடம்பைத் தொடாமல் விலகி இருக்கும், அந்த இடைவெளியில் காற்று ஓடும். காலையில் மொடமொடவென்று இருக்கும் வெள்ளைச் சட்டை அதனால்தான் அவ்வளவு சுகம். நனைந்து தொய்ந்ததும் அதன் மரியாதை போய்விடும். லினன் சட்டைக்கு இந்த விறைப்பு இயல்பிலேயே உண்டு. கசங்கினாலும் உடம்பில் அப்பிக்கொள்ளாது. விலை கட்டுப்படியானால் கடலோர ஊர்களில் அலுவலகத்துக்குப் போட்டுப்போக லினனை மிஞ்ச ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இனி பாலியஸ்டர். அந்தக் காலத்து டெரிலின் சட்டையைப் போட்டவர்கள் இன்றும் அதன் புழுக்கத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த டெரிலினும், இன்று கிரிக்கெட் வீரர்கள் போடும் ஜெர்சியும் வேதியியலில் ஒரே பொருள்தான். ஒன்று புழுங்கியது, இன்னொன்று காய்கிறது என்றால் வித்தியாசம் நூலின் பெயரில் இருக்க முடியாது. இழையின் பருமன், அதன் குறுக்குவெட்டின் வடிவம், துணியைப் பின்னிய விதம், கடைசியில் கொடுக்கும் ஃபினிஷிங் என்று எல்லாமே மாறிவிட்டன.

பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் போகாது. ஆனால் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகள் வழியாக ஓடும். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு தூரம் தண்ணீர் ஏறும். அதனால் ஒரே நூலுக்குள் தலைமுடியைவிட மெல்லிய இழைகளை நிறைய வைக்கிறார்கள். டூபான்ட் நிறுவனம் 1986-ல் கொண்டுவந்த கூல்மேக்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனது. அதில் இழை உருண்டையாக இல்லாமல், நெடுகப் பள்ளங்கள் ஓடும்படி வார்க்கப்பட்டிருந்தது. அந்தப் பள்ளங்களே வியர்வைக்கு வாய்க்கால்கள். இந்த வகைத் துணி அமெரிக்காவில் பெரும் சந்தையைப் பிடித்தது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கெவின் பிளாங்க், உள்ளே போடும் பருத்தி டி-ஷர்ட் வியர்வையில் ஊறிக் கனப்பதைப் பார்த்துச் செயற்கை இழையில் சட்டை தைக்க ஆரம்பித்தார். 1996-ல் தொடங்கிய அந்த முயற்சிதான் அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு ஆடை நிறுவனம்.

இதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பாலியஸ்டர் தானாகத் தண்ணீரை அவ்வளவாக விரும்பாது. வியர்வை அதில் பரவ வேண்டும் என்றால் சாயப்பட்டறையிலோ ஃபினிஷிங்கிலோ ஈரத்தை ஈர்க்கும் பூச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டும். விலை மலிந்த பல ‘டிரை ஃபிட்’ சட்டைகளின் மொத்த வித்தையும் இந்தப் பூச்சுதான். மட்டமான பூச்சு சில சலவைகளிலேயே கரைந்துவிடும். பிறகு கையில் இருப்பது வெறும் பாலியஸ்டர், அதாவது கொஞ்சம் மெல்லிய டெரிலின். பள்ளம் வைத்த இழையோ மெல்லிய இழையோ அப்படிப் போவதில்லை, ஏனென்றால் அது நூலின் உருவத்திலேயே இருக்கிறது.

வியர்வையைத் தோலிலிருந்து எடுத்துத் துணியின் வெளிப்பக்கம் பரப்பிவிட்டால் குளிர்ச்சி அதிகமாகும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பாதிதான் உண்மை. ஈரம் பரவினால் சீக்கிரம் காயும், ஒட்டாது, சுகமாக இருக்கும். ஆனால் ஆவியாவது தோலைவிட்டு எவ்வளவு தள்ளி நடக்கிறதோ, அவ்வளவுக்கு அது எடுக்கும் வெப்பம் உடம்பிலிருந்து வராமல் சுற்றியுள்ள காற்றிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹேவனித்தும் அவரது குழுவினரும் 2013-ல் இதை அளந்து காட்டினார்கள். தோலின் மேலேயே காயும் வியர்வைதான் உடம்புக்கு முழு லாபம். வியர்வை கடத்தும் சட்டை சுகத்துக்கானது, உடம்பின் உள்வெப்பத்தைப் பெரிதாக இறக்கிவிடும் கருவி அல்ல. வெயிலில் வேலை செய்பவர் அதை நம்பித் தண்ணீரையும் நிழலையும் குறைத்துக்கொள்ளக் கூடாது.

அளவு விஷயத்திலும் ஒரு இழுபறி இருக்கிறது. வியர்வையைக் கடத்த வேண்டும் என்றால் துணி தோலைத் தொட வேண்டும். காற்று ஓட வேண்டும் என்றால் துணி தோலைவிட்டு விலகி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சட்டையில் முழுசாகக் கிடைக்காது. ஓடுபவர், ஷட்டில் ஆடுபவர் எல்லாம் வியர்வை மிகுதியாக வரும் வேலையைச் செய்கிறார்கள், அவர்கள் அசைவே காற்றை உண்டாக்குகிறது. உடம்போடு லேசாக ஒட்டிய மெல்லிய பாலியஸ்டர் அவர்களுக்குச் சரி. கடையில் உட்கார்ந்திருப்பவர், பேருந்துக்கு நிற்பவர், வீடு வீடாக அலைபவர் ஆகியோருக்குத் தொளதொளப்புதான் உதவும். நடக்கும்போது தளர்ந்த சட்டை அசைந்து, கழுத்து வழியாகவும் கீழ் விளிம்பு வழியாகவும் உள்ளே இருக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளிவிடும். சட்டையை டக்-இன் செய்தால் இதில் ஒரு வாசல் அடைபட்டுவிடும்.

தொளதொளப்பின் பலத்துக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. சினாய் பாலைவனத்து பெதூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி போடுகிறார்களே, எப்படித் தாங்குகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகம் சூடானது. ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேரவே இல்லை. அங்கி அகலமாகத் தொங்கியதால் நடுவில் ஓடிய காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. இதை வைத்துக்கொண்டு வெயிலில் இறுக்கமான கறுப்பு டி-ஷர்ட் போடலாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தோலை ஒட்டிய துணிக்கு நிறம் முக்கியம்தான்.

இப்போது கடைக்குள் போவோம். அட்டையில் இருக்கும் வாசகத்தைவிட உள்தையலில் இருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். எத்தனை சதவீதம் எந்த நூல் என்பது அங்கேதான் இருக்கும். அடுத்தது துணியின் எடை. திருப்பூரில் யாரிடம் பேசினாலும் முதலில் வரும் வார்த்தை ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. வழக்கமான காட்டன் டி-ஷர்ட் 160 முதல் 180 வரை இருக்கும். இப்போது ஃபேஷனாகிவிட்ட ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுகள் 220, 240 என்று போகும். அவற்றை ஏசி மாலுக்குத்தான் போட முடியும். வெயிலுக்கு 120 முதல் 150 வரை போதும். இது நூலைவிட முக்கியம் என்றே சொல்வேன். பாலியஸ்டரானாலும் துணி தடிமனாக இருந்தால் இழைகளுக்கு நடுவே நிறையத் தண்ணீர் தங்கும், தங்கியது காய நேரமாகும். மெல்லிய காட்டன், தடித்த பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் காய்வது ஒன்றும் அதிசயமில்லை.

பிறகு பின்னல். வழக்கமான டி-ஷர்ட்டுகளில் வரும் ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சி மெலிது. பிக்கே என்ற காலர் டி-ஷர்ட் துணியில் மேடு பள்ளம் இருப்பதால் தோலைத் தொடும் இடம் குறையும். விளையாட்டுச் சட்டைகளுக்கு ஓடும் டாட் நிட், மெஷ் வகைகளில் பொட்டுப் பொட்டாகக் கண்கள் தெரியும். இன்டர்லாக் இரட்டைப் பின்னல், வழவழப்பாக அழகாக இருந்தாலும் கனம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கண்கள் தெரிய வேண்டும். வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் கையில் காற்று பட வேண்டும். விற்பனையாளர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஆனால் ரொம்பவே கண் திறந்த துணியில் வெயிலும் உள்ளே வரும் என்பதால், நாள் முழுக்க வெளியே நிற்பவர்கள் மெஷ்ஷை அக்குளிலும் முதுகிலும் மட்டும் வைத்துத் தைத்த சட்டையாகத் தேடலாம்.

மார்பில் பெரிதாக ரப்பர் பிரிண்ட் போட்ட சட்டையை வெயிலுக்கு வாங்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியதற்குச் சமம், காற்றும் போகாது வியர்வையும் போகாது. பாலியஸ்டரில் செய்யும் சப்ளிமேஷன் பிரிண்ட் வேறு மாதிரி. அதில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் துணியின் கண்கள் அடைபடாது. விரலால் தடவினால் தெரிந்துவிடும்: படம் கையில் தட்டுப்பட்டால் ரப்பர், தட்டுப்படாவிட்டால் சப்ளிமேஷன்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சோதனை. புதுத் துணியில் பூச்சு இருக்கும் என்பதால் நாலைந்து முறை துவைத்தபிறகு செய்யுங்கள். உள்பக்கம் மேலே வருமாறு விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓரிரு வினாடியில் அகலமாகப் பரவி வெளிப்பக்கம் ஈரம் தெரிந்தால் நல்ல சட்டை. முத்து மாதிரி உட்கார்ந்தே இருந்தால் பூச்சு போய்விட்டது, அல்லது நீங்கள் போட்ட ஃபேப்ரிக் கண்டிஷனர் அதை மூடிவிட்டது. துணியை மெத்தென்று ஆக்கும் அந்தத் திரவம் இழைமேல் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு படலத்தை விட்டுப்போகும். டர்க்கி டவலும் தண்ணீர் துடைக்காமல் போவது இதனால்தான். வியர்வைச் சட்டைகளை உள்வெளியாகத் திருப்பி, சாதாரண சோப்புத்தூள் அளவாகப் போட்டு, நன்றாக அலசினால் போதும்.

பாலியஸ்டரின் தீராத குறை நாற்றம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் பயிற்சி முடித்தவர்களின் சட்டைகளை வைத்திருந்து முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் நன்றாக வளர்வதையும் கண்டார்கள். எண்ணெய்ப் பசையும் பாலியஸ்டரில் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் விளையாடி முடித்துச் சட்டையைப் பைக்குள் சுருட்டி மறுநாள் வரை வைப்பது கூடாது. உடனே ஒரு முறை அலசிக் காயப்போட்டாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். வேர்க்குரு, படர்தாமரை வருபவர்களுக்கு இறுக்கமான செயற்கைத் துணி வேண்டவே வேண்டாம். தோல் மருத்துவர்கள் தளர்ந்த பருத்தியைச் சொல்வது காரணத்தோடுதான்.

மூங்கில் துணி என்று ஒன்று இப்போது நிறைய விற்கிறது. அதில் பெரும்பாலானது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான். மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸுக்கும் அதற்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 2022-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், இப்படி விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காக இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்களைச் சேர்த்து 55 லட்சம் டாலர் கட்ட வைத்தது. தொட்டால் குளுகுளுவென்று இருப்பது உண்மை. ஆனால் விஸ்கோஸ் பருத்தியைவிட அதிகம் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும். கடலோர ஊருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுப்பு, வெல்டிங், பட்டாசு என்று நெருப்புப் பக்கம் நிற்பவர்களுக்குப் பாலியஸ்டர் எவ்வளவு நன்றாகக் காய்ந்தாலும் ஆபத்து. அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். டீ மாஸ்டருக்கும் சமையல்காரருக்கும் மெல்லிய பருத்திதான் சரி, நனைந்தால் மாற்ற இன்னொன்று வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதெல்லாம் தேர்வு செய்யும் வசதி இருப்பவர்களுக்கு. சென்னையில் அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலாளியின் சட்டையைப் பாருங்கள்: பாலியஸ்டரும் பருத்தியும் கலந்து நெருக்கமாக நெய்த டெரிகாட்டன், உள்ளே பனியன், தோளில் பட்டை, டக்-இன், இறுக்கிய பெல்ட். காற்று புக வேண்டிய எல்லா வாசலும் அடைத்தாயிற்று. உணவு கொண்டுவரும் இளைஞரின் டி-ஷர்ட்டில் முதுகு முழுக்க நிறுவனத்தின் பெயர் ரப்பர் பிரிண்டில். இந்தச் சட்டைகளைத் தேர்ந்தெடுத்தவர் ஏசி அறையில் உட்கார்ந்து, கசங்காதது, அழுக்குத் தெரியாதது, விலை குறைந்தது என்று பார்த்து ஆர்டர் கொடுத்திருப்பார். அந்த ஆர்டரிலேயே 140 ஜிஎஸ்எம்முக்கு மேல் வேண்டாம், முதுகில் மெஷ் வேண்டும், பிரிண்ட் சப்ளிமேஷனில் இருக்க வேண்டும், சட்டை டக்-இன் செய்யாமல் போடும் வெட்டில் இருக்க வேண்டும் என்று நாலு வரி சேர்த்தால், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் திருப்பூரில் தைத்துக் கொடுக்க ஆளா இல்லை? வெளிநாட்டு ஆர்டர்களில் இதைவிட நுணுக்கமான நிபந்தனைகள் தினமும் வருகின்றன.